சட்டைக்கு எதற்குக் கஞ்சி?

லாண்டரியில் துணியை எண்ணிப் போட்டவுடன் ஒரு கேள்வி வரும். "கஞ்சி போடவா சார்?" ரசீது எழுதுகிறவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். நீங்களும் யோசிக்க மாட்டீர்கள். 'ம்' என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவீர்கள். அந்த 'ம்'மைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு சண்டை போடப்போகிறேன்.

முதலிலேயே எல்லைக் கோடு போட்டுவிடலாம். எனக்குக் கஞ்சி மேல் விரோதம் எதுவும் கிடையாது. குடிக்கிற கஞ்சிக்கு நான் அடிமை, கூடவே பருப்புத் துவையல் இருந்தால் சொத்தை எழுதி வைப்பேன். சுங்குடிச் சேலைக்குக் கஞ்சி போட்டால்தான் கொசுவம் நிற்கும் என்று சொல்லும் அம்மாக்களோடு வாதம் செய்யும் தைரியமும் இல்லை. முகூர்த்தத்துக்குப் போகும்போது வேட்டி விறைப்பாக இருக்க வேண்டுமா, இருக்கட்டும். பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் தீர்ந்துபோகிற விறைப்பு அது. நான் பேசுவது சட்டையைப் பற்றி. காலை எட்டு மணிக்கு மாட்டி, பஸ்ஸிலோ பைக்கிலோ கசங்கி, இரவு எட்டு மணிக்குக் கழற்றிப் போடுகிற அன்றாட ஆபீஸ் சட்டை. அதற்குக் கஞ்சி வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

கஞ்சி சட்டையை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள லேப் எதுவும் தேவையில்லை. சமையலறை போதும். சோறு வடித்த கஞ்சியை ஒரு தட்டில் ஊற்றி மறந்துவிடுங்கள். சாயங்காலம் பார்த்தால் மெல்லிசாக, கண்ணாடித்தாள் மாதிரி ஒரு ஏடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் நிமிண்டினால் உடையும். அதே ஏடுதான் உங்கள் சட்டையிலும். பருத்தித் துணி என்பது நூலும் ஓட்டையும் சேர்ந்தது. குறுக்கே ஒரு நூல், நெடுக்கே ஒரு நூல், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஜன்னல்கள். அந்த ஜன்னல்களுக்காகத்தான் இந்த வெயில் தேசத்தில் பருத்தி கட்டுகிறோம். காசு கொடுத்துப் பருத்தி வாங்கி, மறுபடியும் காசு கொடுத்து ஜன்னலையெல்லாம் பசை போட்டு அடைக்கிறோம். யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறதா இல்லையா?

வியர்வை வெறும் தொல்லை இல்லை. அது உடம்பு தனக்குத் தானே வைத்துக்கொண்டிருக்கும் ஏ.சி. தோலின் மேல் வந்த நீர் ஆவியாகிப் போகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. போக வழி வேண்டும், அவ்வளவுதான். கஞ்சி போட்ட துணி நீரை உறிஞ்சுவதும் மந்தம், ஆவியை வெளியே விடுவதும் மந்தம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றே பாதி தண்ணீர். அங்கே ஆவியாவதே கஷ்டம். அதற்கு மேல் நீங்கள் ஒரு கதவையும் சாத்துகிறீர்கள்.

இங்கே கஞ்சிக் கட்சிக்காரர்கள் ஒரு பாயின்ட் வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய பாயின்ட்தான். "கஞ்சி போட்டால் சட்டை உடம்பில் ஒட்டாது சார். விலகி நிற்கும். உள்ளே காத்து போகும்." உண்மை. ஆனால் எத்தனை மணி வரைக்கும் உண்மை? காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது உண்மை. சிக்னலில் நிற்கும்போது ஓரளவு உண்மை. மாவுச்சத்துக்கு ஈரத்தைக் கண்டால் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி. பத்தரை மணிக்கு அக்குளிலும் முதுகிலும் ஈரம் ஏறினதும் அந்த ஏடு இளகிப் பிசுபிசுவென்று ஒட்டும். விலகி நின்ற சட்டை இப்போது போஸ்டர் மாதிரி முதுகில் பதிந்திருக்கும். ஏ.சி. அறையிலேயே உட்கார்ந்திருக்கிற சாருக்கு இந்த இளகல் தெரியாது. பஸ்ஸில் வந்தவருக்குத் தெரியும்.

இன்னொரு பாயின்ட்டும் உண்டு. அழுக்கு நூலில் ஏறாமல் கஞ்சியிலேயே தங்கிவிடும், அடுத்த முறை துவைக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து போய்விடும் என்பார்கள். இதுவும் உண்மைதான். பழைய கால சலவைக்காரர்களின் அனுபவ அறிவு. வெள்ளாவி வைத்து, உவர்மண் போட்டு, துறையில் கல்லில் அடித்து அழுக்கெடுத்த காலத்தில் இது பெரிய சகாயம். இன்றைக்கு ஐந்து ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைக் காலரில் தேய்த்துப் பத்து நிமிடம் வைத்தால் எண்ணெய் அழுக்கு போகிறது. அந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்க்கத்தான் பன்னிரண்டு மணி நேரம் அட்டையை மாட்டிக்கொண்டு திரிகிறோமா?

சரி, சட்டையின் பக்கத்திலிருந்து பார்ப்போம். சட்டைக்கு வாய் இருந்தால் காலரில் இருந்துதான் அழ ஆரம்பிக்கும். உங்கள் பழைய சட்டைகளை எடுத்துப் பாருங்கள். உடம்புத் துணி நன்றாகவே இருக்கும், காலர் மடிப்பில் மட்டும் நூல் பிரிந்து பிசிர் பிசிராக நிற்கும். கைப்பட்டையின் ஓரமும் அப்படித்தான். தாடியும் கழுத்தும் உரசுவது ஒரு காரணம். இன்னொரு காரணம், விறைத்துப்போன நூலை அதே இடத்தில் திரும்பத் திரும்ப மடிப்பது. ஈர வாழைநாரை நூறு தடவை மடிக்கலாம். காய்ந்த ஓலையை நான்கு தடவை மடித்தால் ஒடியும். கஞ்சி போட்டுப் போட்டு நீங்கள் நாரை ஓலை ஆக்குகிறீர்கள்.

அப்புறம், மஞ்சள். வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது என்று நீலத்தை இன்னும் நாலு சொட்டு விடுகிறோம். கஞ்சி ஒழுங்காக அலசப்படாமல் தங்கியிருந்து, அதன் மேல் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டி போனால் மாவு கருகத்தானே செய்யும்? தோசைக்கல்லில் மாவு சிவப்பதைப் பார்த்ததில்லையா? முதுகில் பெட்டியின் மூக்கு மாதிரி ஒரு பழுப்புத் தடம் வந்தால் இஸ்திரிக்காரரைத் திட்டுவோம். கஞ்சி கேட்டது நாம்.

பீரோவுக்குள் நடக்கிற கூத்து தனி. கரப்பான் பூச்சிக்கும், வெள்ளியாய் மின்னிக்கொண்டு ஓடுகிற ராமபாணப் பூச்சிக்கும் மாவுச்சத்து விருந்து. பழைய புத்தகத்தின் பைண்டிங் பசையைத் தின்பதும் இதே பூச்சிதான். மழைக்காலத்தில் பூஞ்சணம் வந்து உட்காருவதும் கஞ்சித் துணியில்தான் முதலில். மியூசியங்களில் பழைய துணிகளைப் பாதுகாக்கிறவர்கள், நீண்ட காலம் வைக்கும் துணியில் கஞ்சி இருக்கக் கூடாது என்பார்கள். நாமோ வருஷத்துக்கு ஒரு முறை கட்டுகிற பட்டு வேட்டிக்குத் துணையாகக் கஞ்சிச் சட்டையை மடித்து உள்ளே வைத்து, கூடவே ரசகற்பூர உருண்டையும் போட்டுப் பூட்டுகிறோம்.

இதெல்லாம் சுத்தப் பருத்திச் சட்டைக்கு. உங்கள் சட்டை சுத்தப் பருத்திதானா? காலருக்கு உள்ளேயோ விலாப் பக்கத் தையலிலோ ஒரு லேபிள் தொங்கும், பாருங்கள். பாதிக்குப் பாதி பாலியஸ்டராக இருக்க வாய்ப்பு அதிகம். பாலியஸ்டருக்கும் கஞ்சிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நூலில் பிடிக்காமல் மேலாகக் காய்ந்து, கறுப்பு நீலச் சட்டைகளில் பொடுகு மாதிரி உதிரும். 'கசங்காத சட்டை' என்று விளம்பரம் செய்து விற்பது இன்னொரு ரகம். அதில் மில்லிலேயே ரெசின் ஏற்றிவிட்டார்கள். அதற்கும் கஞ்சி போடுகிற வீடுகள் உண்டு. ரெயின் கோட்டுக்கு மேல் குடை.

எல்லாவற்றையும் விட வேடிக்கை காலர்தான். கஞ்சி இல்லாவிட்டால் காலர் தொங்கிவிடும் என்பது கஞ்சிக் கட்சியின் கடைசிக் கோட்டை. இன்றைய ரெடிமேட் சட்டையின் காலருக்குள் ஒரு கெட்டித் துணியைச் சூடாக்கி ஒட்டித்தான் தைக்கிறார்கள். டெய்லர் கடையில் கேட்டால் 'கேன்வாஸ்' என்பார்கள். காலரை நிமிர்த்தி வைத்திருப்பது அதுதான். சில சட்டைகளில் காலர் முனைக்குள் பிளாஸ்டிக் பட்டை வேறு. ஆக, உங்கள் காலர் ஏற்கெனவே விறைப்பாகத்தான் பிறந்திருக்கிறது.

அப்படியானால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்து இப்படிப் பிடித்துக்கொண்டது?

கஞ்சி நமக்குப் புதிதில்லை. நெசவாளர் ஊர்களில் விடியற்காலையில் போனால் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். நூல் தறியில் உரசி அறுந்துவிடாமல் இருக்க அந்தக் கஞ்சி. அது தொழில் தேவை. நெய்து முடிந்து கட்டக் கட்ட, துவைக்கத் துவைக்கப் போய்விடும். நம்முடைய 'கஞ்சி' என்கிற சொல்லே கடல் தாண்டி ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. 1886-ல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அது இருக்கிறது, சலவைக்காரர்கள் துணிக்குப் போடும் சமாசாரம் என்ற விளக்கத்தோடு. துரைமார்களின் துணிக்கு நம் ஊர்ச் சலவைத் தொழிலாளிகள் அரிசிக் கஞ்சி போட்டிருக்கிறார்கள்.

துரைமார்களின் ஊரில் கதை இன்னும் சுவாரசியம். 1564 வாக்கில் டிங்கன் என்கிற ஒரு ஃபிளெமிஷ் பெண்மணி லண்டனில் குடியேறி, கஞ்சி போடக் கற்றுக்கொடுக்கப் பணம் வாங்கினார். எலிசபெத் மகாராணியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தைச் சுற்றி ஜாங்கிரி மாதிரி ஒரு வட்டம் நிற்கும். தலை ஒரு தட்டில் வைத்த மாதிரி இருக்கும். அது நிற்பதற்குத்தான் அவ்வளவு கஞ்சி. பிலிப் ஸ்டப்ஸ் என்கிற ஆசாரக்காரர் 1583-ல் எழுதிய புத்தகத்தில் கஞ்சியைச் சாத்தானோடு முடிச்சுப் போட்டுத் திட்டினார். யாரும் கேட்கவில்லை. ஜாங்கிரிதான் இன்னும் பெரிதானது.

அந்த ஜாங்கிரியை மாட்டிக்கொண்டு குனிய முடியுமா? சுமை தூக்க முடியுமா? அடுப்பு ஊத முடியுமா? அதுதான் விஷயம். 'இதோ பார், எனக்குக் குனிந்து செய்யும் வேலை கிடையாது, அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது' என்று வாயைத் திறக்காமல் சொல்கிற ஏற்பாடு அது. முன்னூறு வருஷம் கழித்து விக்டோரியா காலத்துக் கனவான் அட்டை மாதிரிச் சட்டை மார்போடு நின்றபோதும் அதே வாசகம்தான். நம் ஊர்க் கரை வேட்டிக்கு மேல் நிற்கும் பளீர் வெள்ளைச் சட்டையும் அதைத்தான் சொல்கிறது. அண்ணாவின் உடை அலட்சியம் ஊரறிந்தது. கசங்கிய சட்டையோடு வந்து மேடை ஏறினால் கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. அவர் பெயரைச் சொல்லி ஓட்டு கேட்கிறவர்கள் இன்றைக்குக் காரிலிருந்து இறங்குவதைப் பாருங்கள். சட்டைப் பையில் ஒரு சுருக்கம் கிடையாது. மக்களோடு மக்களாக நின்றால் கசங்குமே!

கட்சிக்காரர்களை விடுங்கள், அது அவர்கள் யூனிஃபார்ம். நீங்களும் நானும் எதற்கு?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வந்திருக்கிறேன். ஒரு விறைத்த சட்டைக்குப் பின்னால் விறைத்துப்போன ஒரு முழங்கை இருக்கிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் நதிக்கரையில் டிராய் என்று ஒரு ஊர். அங்கே 1820-களில் ஒரு வீட்டம்மா, கணவரின் சட்டையில் காலர் மட்டும்தானே அழுக்காகிறது என்று அதைத் தனியே வெட்டியெடுத்துத் துவைத்து மாட்டிவிட்டாராம். கழற்றி மாட்டும் காலர் அப்படித்தான் பிறந்தது என்பார்கள். அதன் பிறகு ஊரே காலர் ஊரானது. காலர் தைக்க ஆலைகள், துவைத்துக் கஞ்சி போட லாண்டரிகள். உள்ளே வேலை செய்தவர்கள் பெண்கள். கொதிநீர், சோடா, கொதிக்கிற கஞ்சி, கனத்த இஸ்திரிப் பெட்டி. நாளைக்குப் பன்னிரண்டு பதினான்கு மணி நேரம். கஞ்சி போடுவதற்குப் புது மெஷின் வந்தது. முதலாளிக்கு உற்பத்தி கூடியது, பெண்களுக்குக் கை வெந்தது. 1864 பிப்ரவரியில் கேட் முல்லனி என்கிற, இருபது வயதுகூட நிரம்பாத ஐரிஷ் பெண் தன்னோடு வேலை செய்தவர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். சுமார் 300 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் முதலாளிகள் இறங்கி வந்து கூலியை உயர்த்தினார்கள். அவர் வாழ்ந்த வீட்டை 1998-ல் அமெரிக்க அரசு தேசியச் சின்னமாக அறிவித்தது. முதல் உலகப்போருக்குப் பின் ஆண்கள் மெத்தென்ற காலருக்கு மாறினார்கள், கழற்றி மாட்டும் கஞ்சிக் காலர் மெல்ல மறைந்தது. பிறந்த ஊரிலேயே போய்விட்ட விறைப்பை நாம் தூக்கிச் சுமக்கிறோம்.

நம் தெருமுனைக்கு வாருங்கள். புங்கமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் பழைய போர்வை விரித்திருக்கும். இஸ்திரிப் பெட்டி கரி நிரப்பினது என்றால் ஐந்தாறு கிலோ எடை. இப்போது பல இடங்களில் கேஸ் பெட்டி வந்துவிட்டது, கரியும் இன்னும் போகவில்லை. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரிப்புகை இல்லாமல் சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை வரைக்கும் போய்ப் பேசினார். அந்தப் பெண் பார்த்தது இந்தக் கரியைத்தான்.

சாதாரணச் சட்டைக்கும் கஞ்சிச் சட்டைக்கும் அந்த வண்டியில் என்ன வித்தியாசம் என்று நின்று பாருங்கள். சாதாரணச் சட்டை நாலு இழுப்பில் முடிகிறது. கஞ்சிச் சட்டையை முதலில் பிரிக்கவே வேண்டும். கை கையோடு, பை பையோடு ஒட்டிக்கொண்டு அப்பளம் மாதிரி வந்திருக்கும். தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, ஊறவிட்டு, அப்புறம் பெட்டியை முழு உடம்பு பாரத்தோடு அழுத்தி, அதே இடத்தில் மறுபடி அழுத்தி... பெட்டியின் அடியில் கஞ்சி ஒட்டிக்கொண்டால் துடைத்துவிட்டு மறுபடி. சூடும் கூட வேண்டும், நேரமும் கூட வேண்டும். எங்கள் பேட்டையில் கஞ்சிச் சட்டைக்கு இரண்டு மூன்று ரூபாய் மேலே கொடுக்கிறார்கள். அதையும் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மே மாதத்து மத்தியானம், நாற்பது டிகிரி வெயில், வயிற்றுக்கு நேரே கரி நெருப்பு. அந்த மனிதர் உடுத்தியிருப்பது என்ன என்று கவனித்தீர்களா? பனியன். பல வருஷம் துவைத்து மெத்தென்று ஆன பனியன். வெயிலில் நிற்கிறவருக்கு எது சுகம் என்று அவருக்குத் தெரிகிறது.

"நாங்க வீட்டிலேயே போட்டுக்கறோம் சார்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. 'நாங்க' என்றால் யார்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜவ்வரிசியைக் காய்ச்சி, கட்டி தட்டாமல் கிளறி, வடிகட்டி, சட்டையை முக்கிப் பிழிந்து, வெயில் தாழ்வதற்குள் காயப்போட்டு, ராத்திரி டி.வி. பார்த்துக்கொண்டே தேய்ப்பது யார்? குக்கர் வந்த பிறகு வடிகஞ்சி போய்விட்டது. அதனால் காய்ச்ச வேண்டும், அல்லது பாட்டில் வாங்க வேண்டும். முழங்கையை வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்கிற அம்மாவிடம், "காலர் இன்னும் கொஞ்சம் விறைப்பா வரலையே" என்று குறை சொல்கிற பிள்ளைகள் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள்.

பாவம், விரும்பாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் இருவர் உண்டு. ஒருவர் டிராஃபிக் போலீஸ்காரர். வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட், இரண்டுக்கும் விறைப்பு. நிழல் இல்லாத சிக்னலில் நிற்கிற மனிதருக்குக் கஞ்சி போட்ட உடுப்பு என்பது பிரிட்டிஷ் அதிகாரி பரேடு மைதானத்துக்காக யோசித்தது. பரேடு நாளில் போடட்டும். மீதி நாளில் அவருக்கு மெல்லிய பருத்தி போதும் என்று மேலதிகாரிகள் சொன்னால் குடி முழுகிப்போகாது. நாமும் கசங்கிய சட்டை போட்ட போலீஸ்காரரைப் பார்த்தால் இளக்காரம் செய்யாமல் இருக்க வேண்டும்.

இன்னொருவர் உங்கள் வீட்டு இரண்டாம் வகுப்பு. வெள்ளை யூனிஃபார்ம் நாளன்று கழுத்தை நெளித்து நெளித்துச் சொறிகிறதே, பூச்சி கடித்ததென்று பவுடர் போடுகிறீர்களே, காலரின் உள்பக்கத்தை உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். ஓட வேண்டிய, மண்ணில் விழ வேண்டிய வயசு அது. 'சட்டை கசங்கிடும், ஓடாதே' என்று சொல்லும்போது நாம் சட்டைக்குப் பிள்ளை பெற்றுவைத்திருக்கிறோம் போலத் தோன்றுகிறது.

"அப்போ லாண்டரிக்காரர் வருமானம் என்ன ஆகும்?" என்று கருணையோடு ஒரு கேள்வி வரும். ரூபாய் குறைவானேன்? கஞ்சிக்குக் கொடுக்கிற அந்த இரண்டு மூன்று ரூபாயை, கஞ்சி இல்லாத சட்டையை நன்றாகத் தேய்ப்பதற்குக் கொடுங்களேன். கரியும் மிச்சம், கையும் மிச்சம், அதே நேரத்தில் இன்னும் நாலு சட்டை ஆகும் அவருக்கு.

"கஞ்சி இல்லாம நீட்டா இருக்காதே சார்" என்பதுதான் கடைசியில் மிஞ்சும். நீட் வேறு, விறைப்பு வேறு. சட்டையைத் துவைத்ததும் முறுக்கிப் பிழியாதீர்கள். இரண்டு தோளையும் பிடித்துப் பட்டென்று நாலு உதறு உதறி, ஹேங்கரில் மாட்டி, காலரையும் பட்டன் பட்டியையும் கையால் நீவிவிட்டு நிழலில் காயப்போடுங்கள். முழுசாகக் காய்வதற்குக் கொஞ்சம் முன்னாடி, இன்னும் ஈர நைப்பு இருக்கும்போது தேயுங்கள். பாதி நாளுக்கு மேல் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் சுருட்டி வையுங்கள். காலரை முனையிலிருந்து நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து முனைக்கு இழுத்தால் துணி தள்ளிக்கொண்டு போய் முனையில் சுருங்கும். தேய்த்த சூட்டிலேயே மடிக்காமல் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். புதுச் சட்டை வாங்கும்போதே கொஞ்சம் கெட்டி நெசவாகப் பார்த்து வாங்கினால் இன்னும் உத்தமம். சாயங்காலம் முழங்கையில் கொஞ்சம் சுருக்கம் விழத்தான் செய்யும். வேலை பார்த்த முழங்கை, விழட்டும்.

ஏற்கெனவே வருஷக்கணக்காகக் கஞ்சி ஏறின சட்டைகளை என்ன செய்வது? அரிசி, ஜவ்வரிசி, மைதாக் கஞ்சி என்றால் சுலபம். கை பொறுக்கிற வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். தண்ணீர் பாலாக வரும். கொட்டிவிட்டு மறுபடி. மூன்று நாலு தடவையில் தெளிந்துவிடும். சில பாட்டில் சரக்குகள் மாவுச்சத்தே இல்லை, மரவேலைக்குப் பயன்படுத்துகிற வெள்ளைப் பசையின் சொந்தக்காரன். பாலிவினைல் அசிடேட் என்று பெயர். லேபிளைப் படித்துப் பாருங்கள். அது வெறும் தண்ணீருக்கு அசையாது, சோப்புத் தூளோடு சூடான நீரில் பல முறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கல்யாணத்துக்குக் கட்டின வேட்டியையும் இதே மாதிரி அலசிக் காயவைத்த பிறகே பீரோவில் வையுங்கள், அடுத்த முகூர்த்தத்துக்கு முதல் நாள் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். லாண்டரிக்காரரிடம் ஒரு தடவை சொன்னால் போதாது. பழக்க தோஷத்தில் கஞ்சி போட்டுவிடுவார். ரசீதில் எழுதச் சொல்லுங்கள்: சட்டை ஆறு, கஞ்சி இல்லாமல்.